சிட்டுக்குருவி அழிகிறதா? – வாசகர் கேள்வி பதில்

மார்ச் 20 உலக சிட்டுக்குருவி தினத்தையொட்டி தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கமிருந்து நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. நானும் அந்தப் பக்கத்துக்காரன்தான், அதனால் இந்த இதழை முழுக்க அவற்றுக்கே ஒதுக்கிவிட்டேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

"சிட்டுக்குருவி இனமே அழிந்துகொண்டிருக்கிறது, இன்னும் பத்து வருஷத்தில் படத்தில்தான் பார்க்க முடியும் என்று வாட்ஸ்அப்பில் வருகிறது. என் மகள் அதைப் படித்துவிட்டு அழுகிறாள். உண்மையா?"
– ஒரு வாசகி, பாலக்கோடு

உண்மை இல்லை, பாப்பாவிடம் தைரியமாகச் சொல்லுங்கள். உலகத்தில் எந்த உயிரினம் எந்த நிலைமையில் இருக்கிறது என்று ஐ.யு.சி.என். அமைப்பு ஒரு சிவப்புப் பட்டியல் வைத்திருக்கிறது. அதில் சிட்டுக்குருவி இருப்பது கவலைப்பட அவசியம் குறைந்த இனங்களின் வரிசையில். 2021இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் உலகப் பறவைகளின் எண்ணிக்கையைக் கணக்கிட்டுப் பார்த்தபோது காட்டுப் பறவைகளில் முதலிடம் இதற்குத்தான் வந்தது, சுமார் 160 கோடி. ஐரோப்பா, வட ஆப்பிரிக்கா, ஆசியாவின் பெரும்பகுதி இதன் சொந்த ஊர், போதாததற்கு மனிதர்கள் கொண்டுபோய் விட்டதால் வட, தென் அமெரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா என்று எல்லா இடத்திலும் குடியேறிவிட்டது. இங்கிலாந்தில் ஒரு நிலக்கரிச் சுரங்கத்துக்குள் 640 மீட்டர் ஆழத்தில்கூடக் கூடு கட்டியிருக்கிறது.

ஆனால் அதே சிவப்புப் பட்டியலில், எண்ணிக்கை குறைந்து வருகிறது என்றும் சேர்த்தே எழுதியிருக்கிறார்கள், அதையும் மறைக்க வேண்டியதில்லை. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளையும் பிரிட்டனையும் சேர்த்துப் பார்த்தால் 1980க்குப் பிறகு ஏறக்குறைய 24.7 கோடி சிட்டுக்குருவிகள் குறைந்திருக்கின்றன, இருந்ததில் பாதி. பிரிட்டனில் மட்டும் 1977 முதல் 2008 வரை 71 சதவீதம் போய்விட்டது, 2002இலேயே அந்த நாட்டின் சிவப்புப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள்.

நம் நாட்டுக் கதை வேறு. பறவை பார்ப்பவர்கள் ஆயிரக்கணக்கானோர் எழுதிவைத்த குறிப்புகளை ஒன்றுசேர்த்து 2020இல் 'இந்தியப் பறவைகளின் நிலை' என்று ஓர் அறிக்கை வந்தது. கடந்த இருபத்தைந்து வருஷத்துக்கும் மேலாக நாடு முழுவதும் சேர்த்துப் பார்த்தால் சிட்டுக்குருவி ஏறக்குறைய நிலையாகவே இருக்கிறது, ஆனால் சென்னை, பெங்களூரு, மும்பை, டெல்லி, கொல்கத்தா, ஐதராபாத் ஆகிய பெருநகரங்களில் குறைகிறது என்று அது சொல்கிறது. அதனால் "இனம் அழியப்போகிறது" என்ற செய்தியும் பொய், "எல்லாம் நன்றாக இருக்கிறது" என்பதும் பொய். உங்கள் தெருவில் இருந்ததா, இப்போது இருக்கிறதா, ஏன் போனது என்று கேட்பதுதான் சரியான கேள்வி. அடுத்த கடிதம் அதைத்தான் கேட்கிறது.

"எங்கள் பழைய ஓட்டு வீட்டில் எப்போதும் பத்துப் பதினைந்து குருவி இருக்கும். இடித்துவிட்டு மாடி வீடு கட்டினோம், அக்கம்பக்கத்திலும் கட்டிவிட்டார்கள். இப்போது ஒன்றுகூட இல்லை. எங்கேதான் போயின?"
– ஒரு வாசகர், ஓசூர்

பதிலை நீங்களே பாதி எழுதிவிட்டீர்கள். சிட்டுக்குருவி மரத்தில் கிண்ணம்போல் கூடு கட்டி வாழ்கிற பறவை என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அதற்கு வேண்டியது ஒரு பொந்து, ஒரு சந்து. நாட்டு ஓடு வேய்ந்த வீட்டில் எரவாணத்தில் கடைசி ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவே இடைவெளி இருக்கும், விட்டம் சுவரில் இறங்குகிற இடத்தில் ஓர் ஓட்டை இருக்கும், சட்டம் மாட்டிய சாமி படம் சாய்ந்து நிற்கும், அதன் பின்னால் வைக்கோலையும் கோழி இறகையும் சாக்கு நூலையும் திணித்துவைத்தால் கூடு முடிந்தது. கான்கிரீட் தளமும் கண்ணாடி சன்னலும் வந்த பிறகு சந்து என்று ஒன்றே இல்லை. ஏசி வெளியே நிற்கிற இடத்தில் குழாய் நுழையும் துளை கிடைத்தால் அதையும் சிமென்ட் வைத்து அடைத்துவிடுகிறோம்.

அடுத்தது தீனி. இதைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் அரிசி போட்டால் குருவி வந்துவிடும் என்று எல்லோரும் நம்புகிறோம். வளர்ந்த குருவி தானியம் தின்னும், சரிதான். குஞ்சுக்குத் தானியம் ஆகாது. மூன்று முதல் ஐந்து முட்டை இடும், இரண்டு வாரத்துக்குள் பொரிந்துவிடும், அப்புறம் இன்னும் இரண்டு வாரம் குஞ்சு கூட்டில் இருக்கும், அந்த நாட்களில், அதுவும் முதல் சில நாட்களில், அதற்கு வேண்டியது பூச்சி. கூடு இருக்கும் இடத்தில் காலையில் சும்மா உட்கார்ந்து பாருங்கள். தாயும் தகப்பனும் மாறிமாறி வரும், ஒவ்வொரு தடவையும் அலகில் ஒரு பச்சைப் புழு குறுக்காகத் தொங்கும், இல்லாவிட்டால் ஒரு சின்ன வெட்டுக்கிளி, அசுவினி ஒட்டிய இலையிலிருந்து கொத்திய கொஞ்சம் பூச்சி. உள்ளே வைத்துவிட்டு, குஞ்சின் எச்சத்தை வெள்ளை உருண்டையாக அலகில் எடுத்துக்கொண்டு வெளியே பறக்கும். பகல் முழுக்க இதே வேலை. இங்கிலாந்தில் லெஸ்டர் நகரத்தில் இதையே ஆய்வு செய்தார்கள். பூச்சி குறைவாகவும் மற்றது அதிகமாகவும் ஊட்டப்பட்ட குஞ்சுகள் நலிந்தும் செத்தும் போவது அதில் தெரிந்தது. அதாவது கூடு கட்ட இடம் இருந்தும், முட்டை பொரிந்தும், குஞ்சு தேறாமல் போகலாம்.

இப்போது உங்கள் தெருவை நினைத்துப் பாருங்கள். வாசலில் மண் இல்லை, டைல்ஸ். வேலி இல்லை, காம்பவுண்டு சுவர். செடி இருந்தால் தொட்டியில் குரோட்டன்ஸ், அதில் நம் ஊர்ப் புழு அதிகம் மேயாது. கொஞ்சம் தள்ளிப் போனால் ரோஜா, குண்டுமல்லி, தக்காளி, வாரத்துக்கு ஒரு மருந்து. மளிகைக் கடையில் தானியம் சாக்கில் இருந்தவரை தராசடியில் சிந்தும், இப்போது எல்லாம் பாக்கெட். வீட்டிலும் யாரும் முறத்தில் புடைப்பதில்லை, நொய் வாசலில் விழுவதில்லை. மேலை நாட்டு நகரங்களில் 1920களில் ஒரு தடவை இதேபோல் குருவிகள் குறைந்தன. குதிரை வண்டிகள் போய் மோட்டார் வண்டிகள் வந்ததுதான் காரணம், ஏனென்றால் குதிரைச் சாணத்தில் செரிக்காமல் கிடக்கும் ஓட்ஸ்தான் அவற்றுக்குச் சோறு.

எங்கே போயின என்று கேட்டீர்கள். தூரமாக எங்கும் போயிருக்காது. சிட்டுக்குருவி பிறந்த இடத்தைவிட்டு சில கிலோமீட்டருக்கு மேல் போகிற ஜாதி இல்லை. தேன்கனிக்கோட்டை, தளி, அஞ்செட்டி பக்கம் மாட்டுக் கொட்டகையும் ராகிப் போரும் இருக்கிற ஊர்களில் கொஞ்ச நேரம் நின்று காது கொடுங்கள், சத்தம் கேட்கும். உங்கள் தெருவில் இருந்தவை குஞ்சு தேறாமல் ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, ஒரு நாள் இல்லாமல் போயிருக்கும். எனக்கு இதில் மிகவும் வருத்தமான விஷயம் இதுதான், யாருக்கும் அந்த நாள் எதுவென்றே தெரியாது.

"செல்போன் டவர்தான் காரணம் என்கிறார்களே?"
– இந்தக் கேள்வி தருமபுரி, காரிமங்கலம், ஊத்தங்கரை என்று பல ஊர்களிலிருந்து

நேரடியாகச் சொல்லிவிடுகிறேன், டவரால்தான் சிட்டுக்குருவி குறைந்தது என்று நிரூபிக்கப்படவில்லை. 2010இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் இதற்காகவே ஒரு நிபுணர் குழு போட்டது. பறவைக்கும் தேனீக்கும் பாதிப்பு இருக்கலாம் என்று சொல்லும் வெளிநாட்டு ஆய்வுகள் பல இருப்பதையும், இந்தியாவில் நடந்த ஆய்வுகள் மிகக் குறைவு என்பதையும் அந்தக் குழு எடுத்துச் சொன்னது. அப்புறம் 2012 செப்டம்பரிலிருந்து டவர் கதிர்வீச்சு அளவை அனைத்துலக வரம்பில் பத்தில் ஒரு பங்காக அரசு குறைத்தது. எச்சரிக்கையாக இருப்பது நல்லதுதான், அதில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை.

ஆனால் தேதியைப் பாருங்கள். பிரிட்டனில் குருவிகள் சரியத் தொடங்கியது 1970களின் கடைசியில், அங்கே செல்போன் வந்ததே 1985இல். நம்மூர் பஸ் நிலையங்களையும் பாருங்கள், ஆளுக்கொரு போன், சுற்றிலும் டவர், அப்படியும் டீக்கடைக் கூரையில் குருவி இருக்கிறது. டவர்மேல் பழி போடுவதில் ஒரு பெரிய கெடுதல் இருக்கிறது: நம் வீட்டுச் சந்து பொந்தை அடைத்ததையும், நாம் அடித்த மருந்தையும் அதன் பிறகு யாரும் பேசுவதில்லை.

"நீங்கள் குருவியைக் காப்பாற்று என்கிறீர்கள். ராகி பால் பிடிக்கும்போது கூட்டம் கூட்டமாக வந்து கதிரை உறிஞ்சிவிட்டுப் போவதை யார் கேட்பது? சாமை போட்டால் இன்னும் மோசம்."
– ஒரு விவசாயி, அரூர் வட்டம்

உங்கள் கோபம் நியாயம் ஐயா. பறவை ஆர்வலர்கள் இந்தப் பக்கத்தைப் பேசுவதே இல்லை. சிட்டுக்குருவி சிறுதானியம் தின்னும், முற்றும் கதிரில் சேதம் செய்யும், ஊரையொட்டிய நிலமாக இருந்தால் கூடுதலாகவே செய்யும்.

ஒன்றை மட்டும் பார்க்கச் சொல்கிறேன். நம் கொல்லையில் கூட்டமாக இறங்குகிறவை எல்லாம் சிட்டுக்குருவி இல்லை. தடித்த அலகோடு, சிறிய உடம்போடு கதிரில் தொங்கிக்கொண்டே தின்பது பெரும்பாலும் சில்லைகள். பனையிலும் கிணற்றோரமும் தொங்குகூடு கட்டும் தூக்கணாங்குருவியும் வரும். சிட்டுக்குருவி என்றால் ஆணுக்குத் தலை உச்சி சாம்பல், கன்னம் வெளுப்பு, தொண்டையில் கறுப்புப் பட்டை. பெண் மங்கலான பழுப்பு, கண்ணுக்குப் பின்னால் ஒரு வெளிர்கோடு. கதிர் பால் பிடிக்கும் அந்த இரண்டு மூன்று வாரம் காவல் போடுங்கள், மினுமினுக்கும் நாடா கட்டுங்கள், தகரம் தட்டுங்கள், யாரும் தப்புச் சொல்ல முடியாது. விஷம் வைப்பதும் வலை போட்டுப் பிடிப்பதும் மட்டும் வேண்டாம். அதே நிலத்தில் மற்ற மாதங்களில் புழு பொறுக்கிக் குஞ்சுக்குக் கொடுப்பதும் இவைதான்.

குருவியை ஒழிப்பதை ஒரு நாடே செய்து பார்த்திருக்கிறது. 1958இல் சீனாவில் எலி, ஈ, கொசுவோடு குருவியையும் ஒழிக்க வேண்டிய நான்கில் ஒன்றாக அறிவித்தார்கள். நம் சிட்டுக்குருவிக்கு நெருங்கிய சொந்தமான மரச்சிட்டு அது, கன்னத்தில் கறுப்புப் புள்ளி இருக்கும், நம் பக்கம் கிடையாது. ஜனங்கள் தட்டும் தகரமும் அடித்து உட்கார விடாமல் பறக்கவைத்தே சாகடித்தார்கள். பயிரில் பூச்சி பெருகியது, 1960இல் பட்டியலிலிருந்து குருவியை எடுத்துவிட்டு மூட்டைப்பூச்சியைச் சேர்த்தார்கள். அந்தக் காலத்துப் பெரும் பஞ்சத்துக்குக் காரணங்கள் பல, குருவியை ஒழித்ததும் அவற்றில் ஒன்று.

இன்னொரு விஷயம், நம் இரண்டு மாவட்டத்திலும் ராகியையும் கொள்ளையும் ரோட்டில் பரப்பி வண்டி ஏறவிட்டு அடிக்கிறோம். சிந்தியதைப் பொறுக்கக் குருவிகள் இறங்குகின்றன, வண்டியில் அடிபட்டுச் சாகின்றன, இருசக்கர வண்டிக்காரர்களும் சறுக்கி விழுகிறார்கள். களம் இருக்கிற ஊரில் களத்தில் அடித்தால் எல்லோருக்கும் நல்லது.

"அமெரிக்காவில் இருக்கும் என் மகன், அங்கே சிட்டுக்குருவிக் கூட்டைப் பிய்த்துப் போடுகிறார்கள், சட்டமும் தடுப்பதில்லை என்கிறான். இது பாவம் இல்லையா?"
– ஒரு வாசகி, காவேரிப்பட்டணம்

அம்மா, உங்கள் மகன் சொல்வது சரிதான். 1851-52 வாக்கில் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்து விட்டார்கள், ஐம்பது வருஷத்துக்குள் அமெரிக்காவின் பெரும்பகுதியில் பரவிவிட்டது. அங்கே பொந்தில் கூடு கட்டும் சொந்தப் பறவைகள் உண்டு, 'புளூபேர்ட்' என்று நீல நிறத்தில் ஒன்று. அதன் பொந்தைப் பிடிக்க நம் குருவி சண்டை போடும், முட்டையை உடைக்கும், தாய்ப் பறவையையே கொத்திக் கொன்றுவிடும். வந்தேறிப் பறவை என்பதால் அந்த நாட்டின் பறவைப் பாதுகாப்புச் சட்டம் இதற்குப் பொருந்தாது. இங்கே மனிதன் விவசாயம் தொடங்கிய காலத்திலிருந்து கூடவே வந்த பறவை. 2018இல் வந்த ஒரு மரபணு ஆய்வில், மாவுச்சத்தைச் செரிக்கும் தன்மையோடு தொடர்புள்ள மரபணு வீட்டுச் சிட்டுக்குருவியிடம் மாறியிருப்பது தெரிந்தது. நம் தானியத்தைத் தின்றே அதன் வயிறு மாறியிருக்கிறது. இங்கே நியாயம் வேறு, அங்கே வேறு. உங்கள் மகனை அங்கே ஒரு புளூபேர்டுக்குப் பெட்டி வைக்கச் சொல்லுங்கள்.

"கடையில் வாங்கிய கூண்டுப் பெட்டியை மொட்டை மாடியில் மாட்டி ஒரு வருஷம் ஆகிறது. ஒரு குருவியும் எட்டிப் பார்க்கவில்லை."
– ஒரு வாசகர், கிருஷ்ணகிரி

மொட்டை மாடியில் நம் ஊர் ஏப்ரல் வெயிலில் அந்தப் பெட்டிக்குள் கையை விட்டுப் பாருங்கள், காரணம் தெரிந்துவிடும். நிழல் விழும் சுவரில், எட்டு முதல் பத்தடி உயரத்தில், பூனை ஏற முடியாத இடத்தில், ஆடாமல் ஆணி அடித்து மாட்டுங்கள். மேற்கு வெயில் படக்கூடாது. மரமாக இருக்கட்டும், பிளாஸ்டிக் வேண்டாம். அடிப்பலகை அரை அடிக்கு அரை அடி போதும், துளை ஒன்றேகால் அங்குலம், அதாவது 32 மில்லிமீட்டர், ரொம்பப் பெரிதாகிவிட்டால் மைனா நுழையும். துளைக்குக் கீழே உட்காரக் குச்சி வைத்து விற்கிறார்கள், அது குருவிக்குத் தேவையே இல்லை, காக்கைக்குத்தான் வசதி. சிட்டுக்குருவி கூட்டமாக வாழ்வது, ஒற்றைப் பெட்டியைவிட இரண்டு மூன்று பெட்டியைப் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினால் வர வாய்ப்பு அதிகம்.

இவ்வளவும் சரியாகச் செய்தும் வராமல் போகலாம். நடந்து போகிற தூரத்தில் எங்குமே குருவி இல்லை என்றால் பெட்டிக்குள் குடிவர யார் இருக்கிறார்கள்? முதலில் உங்களுக்குப் பக்கத்தில் எந்தச் சந்தையில், எந்த அரிசி மண்டியில் இன்னும் இருக்கின்றன என்று பாருங்கள். அங்கே இருப்பவை நிலைக்கப் பெட்டி மாட்டினால் அது உடனே பலன் தரும். உங்கள் வீட்டில் ஒரு மருதாணிச் செடியோ முருங்கையோ மருந்தடிக்காமல் விடுங்கள், அகலமான மண்தட்டில் தண்ணீர் வையுங்கள், ஒரு மூலையில் வெறும் மண்ணாக இரண்டடி இடம் விடுங்கள், புழுதியில் புரண்டு குளிக்கும். கம்பு, தினை, நொய் போடலாம். உப்புப் போட்ட சோறு, மிக்சர் வேண்டாம். கதிரோடு ராகியைக் கொத்தாகக் கட்டித் தாழ்வாரத்தில் தொங்கவிடும் பழக்கம் இன்னும் இருந்தால் விட்டுவிடாதீர்கள்.

"வண்டிக் கண்ணாடியை ஒரு குருவி தினமும் கொத்திக்கொண்டே இருக்கிறது. பைத்தியமா?"
– ஒரு மாணவர், பர்கூர்

இல்லை தம்பி. இன்னோர் ஆண் குருவி தன் எல்லைக்குள் வந்துவிட்டது என்று தன் உருவத்தோடேயே சண்டை போடுகிறது. பக்கத்தில் கூடு இருக்கிறது என்று அர்த்தம். கண்ணாடிக்கு ஒரு துணிப்பை மாட்டிவிடு, அதற்கும் ஓய்வு கிடைக்கும்.

"கீழே விழுந்த குஞ்சை மனிதர் தொட்டால் தாய் சேர்க்காதாமே?"
– ஒரு வாசகி, பாப்பிரெட்டிப்பட்டி

சேர்க்கும். இறகு முளைக்காத குஞ்சு என்றால் கூட்டிலேயே திரும்ப வைத்துவிடுங்கள். இறகு முளைத்துத் தத்திக்கொண்டிருந்தால் அது பறக்கப் பழகுகிறது, நாய் பூனைக்கு எட்டாத கிளையில் வைத்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள், தாய் வரும். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும்.

"பென்னாகரம் பக்கம் காட்டோரம் ஆடு மேய்க்கும் இடத்தில் சிட்டுக்குருவி போலவே ஒன்று பார்த்தேன், தொண்டையில் மஞ்சள். கலப்பினமா?"
– ஒரு வாசகர், பென்னாகரம்

நல்ல கண் உங்களுக்கு. கலப்பினம் இல்லை, மஞ்சள் தொண்டைச் சிட்டு, தனி இனம். ஆணுக்குத் தோளில் செம்பழுப்புத் திட்டு இருக்கும். வீட்டுப் பக்கம் வராது, காய்ந்த காட்டில் பழைய மரத்துப் பொந்தில் குஞ்சு பொரிக்கும். சாலிம் அலி சிறுவனாக இருந்தபோது சுட்டு வீழ்த்திய குருவி இதுதான், என்ன பறவை என்று கேட்கப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குப் போனவர் பறவையியலுக்கே வந்துவிட்டார்.

நீங்கள் மஞ்சள் தொண்டை என்றதும் இன்னொன்றைச் சொல்லியே ஆக வேண்டும். மஞ்சள் தொண்டைச் சின்னான் என்று ஒரு கொண்டைக்குருவி வகை. தலையும் தொண்டையும் நல்ல மஞ்சள், உடம்பு சாம்பல் கலந்த பச்சை. உலகத்திலேயே தென்னிந்தியாவின் பாறைக் குன்றுகளில் மட்டும்தான் உண்டு, நம் மேலகிரி மலைத்தொடரிலும் இருக்கிறது. ஐ.யு.சி.என். பட்டியலில் இது அழியும் ஆபத்துக்கு உள்ளான இனம். புதர் மூடிய பாறைச் சரிவுதான் இதற்கு வீடு, அந்தப் பாறையைத்தான் கிரானைட்டுக்காக வெட்டுகிறோம், கோடையில் தீயும் வைத்துவிடுகிறார்கள். சிட்டுக்குருவிக்காக எழுதிய ஒவ்வொருவரும் இதையும் கொஞ்சம் நினைக்க வேண்டும் என்று மனதாரக் கேட்டுக்கொள்கிறேன். ஒரு குன்று போனால் வேறு ஓட்டு வீட்டுக்கு மாறிக்கொள்ள இதற்கு வழி கிடையாது.

அடுத்த தடவை ஆடு ஓட்டிக்கொண்டு போகும்போது பாறைப் பக்கம் பாருங்கள். பார்த்தால் தேதி, இடம், எத்தனை பறவை என்று மூன்றையும் எழுதிவைத்து 'இபேர்ட்' செயலியில் ஏற்றச் சொல்லி வீட்டில் படிக்கிற பிள்ளைகளிடம் கொடுங்கள். இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கையே அப்படி வந்த குறிப்புகளிலிருந்துதான் தயாரானது. நம் மாவட்டங்களிலிருந்து இன்னும் நிறைய வர வேண்டும்.